மூன்றாம் தூணின் மூச்சு

ஜாய், சாம், இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஆளுக்கொரு கடிதம் எழுதினால் ஒருத்தருக்கு ஒன்றைக் கூட்டிச் சொல்லிவிடுவேன், மற்றவருக்குக் குறைத்துவிடுவேன்.

ஜாய், போன வாரம் போனில் நீ ஒன்று கேட்டாய். "எப்பமாவது வேலையில பயந்திருக்கீங்களாப்பா?" என்றாய். நான் "அதெல்லாம் இல்லட்டி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். நீ பாலம் வேலைக்கு இன்ஜினியராகப் போய் நாலு மாதம்தான் ஆகிறது. தம்பிக்கும் ரயில்வே ஸ்டேஷன் கட்டுகிற வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. இந்த நேரத்தில் அப்பா பயந்த கதையை எதற்குச் சொல்வது என்று நினைத்தேன். அப்புறம் இரண்டு நாளாக மனது சரியில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பும் ஐடிஐயும் படித்தவன். நீங்கள் போடும் கணக்கெல்லாம் எனக்கு வராது. முப்பது வருடத்துக்கு மேல் சைட் சூப்பர்வைசராக இருந்ததில் நான் கற்றது, பழைய கட்டடம் ஒன்றை இடிக்கும்போது அது சும்மா இருப்பதில்லை என்பதுதான். இந்தப் பக்கத்து ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனின் வெயிட்டிங் ஹாலை இடித்து, கல்லை அள்ளி, தரையைச் சமமாக்கிக் கொடுத்தோம். மறுநாள் காலையில் வந்த சனங்கள் இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பழைய வாசல் இருந்த இடத்தில் மட்டும் உள்ளே நுழைந்து, பழைய வாசல் இருந்த இடத்தில் மட்டும் வெளியே வந்தார்கள். ஒருவர்கூடக் குறுக்கே போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு முதுகு சில்லென்று ஆனது. ஆனால் அது பயம் இல்லை. பயம் என்றால் அந்த மூன்றாம் தூண்தான்.

தாமிரபரணியில் ஒரு பழைய பாலம். வெள்ளைக்காரன் காலத்துக் கல் தூண்கள், அதன் மேல் இரும்புத் தூலம், தூலத்தின் மேல் பிற்காலத்தில் போட்ட கான்கிரீட் தளம். தூணுக்குத் தூண் இருக்கிற இடைவெளியைத்தான் கண் என்போம்; இக்கரையிலிருந்து எண்ணினால் மொத்தம் ஏழு கண். பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்துவிட்டதால் பழையதை எடுத்துவிடச் சொல்லி எங்கள் கம்பெனிக்கு வேலை வந்தது. அக்கரையிலிருந்து ஒவ்வொரு கண்ணாக உடைத்துக்கொண்டு இக்கரைக்குப் பின்வாங்கி வர வேண்டும். அணையிலிருந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்குள் ஆற்றுக்குள் இருக்கிற கல்லையெல்லாம் அள்ளி முடித்துவிட வேண்டும். திறந்துவிட்டால் நாங்கள் தூண்களை ஒட்டிப் போட்டிருந்த மண் கரை கரைந்து போகும், அப்புறம் தை மாதம் வரை ஆற்றில் இறங்க முடியாது. எனக்கு மேலே இருந்த இன்ஜினியர் காலையும் மாலையும் போன் பண்ணி அதையேதான் கேட்பார்.

பிரேக்கர் வண்டி ஓட்டினவன் பெயர் சுடலைமுத்து. நாங்குநேரிப் பக்கம் ஊர். முப்பத்தைந்து வயது இருக்கும். தளத்தின் மேல் வண்டியை நிறுத்தி, அந்தத் தளத்தையே உடைக்கிற வேலை அவனுடையது. மரத்தின் நுனிக் கிளையில் உட்கார்ந்து அதே கிளையை வெட்டுவது மாதிரிதான். எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக் கூடாது என்று அவன் கைக்குத் தெரியும். வாய் சும்மா இருக்காது. வண்டியை அணைத்துவிட்டு இறங்கினால் ஊர் வம்பு எல்லாவற்றையும் இழுப்பான். "அண்ணாச்சி, நீங்க ஞாயித்துக்கெழம பண்ணுற செபத்துல எம் பேரையும் சேத்துக்கிடுங்க. எங்க சாமி வருசத்துக்கு ஒரு தடவதான் முழிக்கும்" என்பான்.

அவன்தான் முதலில் சொன்னான்.

பத்து மணிக்குச் சாப்பிடவும், நாலு மணிக்கு டீக்கும் ஆட்கள் மூன்றாம் தூணின் நிழலில் உட்காருவது வழக்கம். நடு ஆற்றில் இருந்த தூண் அது, நிழல் நன்றாக விழும். தூணின் கல்லுக்கும் அதற்குக் கீழே இருந்த கிணற்றின் மூடிக்கும் நடுவில் ஒரு விரிசல். உள்ளங்கையை நுழைக்கலாம். கிணறு என்றால் தண்ணீர் இறைக்கிற கிணறு இல்லை. அந்தக் காலத்தில் ஆற்று மணலில் செங்கல் வளையத்தை இறக்கி, உள்ளே மணலைப் போட்டு நிரப்பி, மேலே மூடி போட்டு, அதன் மேல்தான் தூணை எழுப்புவார்கள். தூணுக்கு அதுதான் கால்.

ஒருநாள் நாலு மணிக்குச் சுடலைமுத்து என்னைக் கூப்பிட்டான். "அண்ணாச்சி, இங்கன வாங்க. இதைப் பாருங்க" என்று பீடியை ஒரு இழுப்பு இழுத்து விரிசலுக்கு நேரே ஊதினான். புகை மேலே போகவில்லை. ஒரு நூல் மாதிரி நீண்டு விரிசலுக்குள் போனது.

"காத்துதாம்லே அது" என்றேன்.

"காத்துன்னா எப்பமும் உள்ள போவணும்லா. காலையில வெளிய தள்ளுது. சாயந்தரம் உள்ள இழுக்கு. சத்தம் கேக்கா உங்களுக்கு?"

காதை வைத்தேன். கேட்டது. தூங்குகிற மனுசன் மூச்சை உள்ளே இழுப்பது போல, நிதானமாக, நீளமாக. ஈரக் கல்லும் பழைய சகதியும் கலந்த ஒரு வாடை. அப்புறம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இழுத்தது.

எனக்கு அந்த நிமிடமே காரணம் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மேலே மின்நிலையத்தில் தண்ணீர் விடும்போதும் நிறுத்தும்போதும் ஆறு நாலு விரல் ஏறும், நாலு விரல் இறங்கும். கிணற்றுக்குள் கொஞ்சம் காலி இடம் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் காற்று வெளியே வரும், இறங்கினால் உள்ளே போகும். அவ்வளவுதான் என்று ஆட்களுக்குச் சொன்னேன்.

யார் கேட்டார்கள்? அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. பாலத்துக்கு ஆள் கொடுத்திருக்கிறார்கள், சின்னப் பிள்ளையை உள்ளே வைத்து மூடியிருக்கிறார்கள் என்று. அக்கரை ஊரில் தாய்மார்கள் பிள்ளைகளை ஆற்றுப் பக்கம் விடவில்லை. கம்பி வெட்டுகிற ஆட்கள் இரண்டு பேர் சொல்லாமல் போய்விட்டார்கள். மீதிப் பேர் நிழலை விட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. நரபலி, பேய் என்று பேசுகிறதே எனக்குப் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும்.

சுடலைமுத்து மட்டும் பேய் என்று சொல்லவில்லை. அவன் சொன்னது வேறு. அதை நான் கவனிக்கவில்லை.

"அண்ணாச்சி, மொத நாளு பன்னெண்டு எண்ணுனேன். ஒரு மூச்சு முடிய. நேத்து பதினெட்டு. இன்னைக்கு இருவத்தஞ்சு தாண்டிட்டு. அது நீளுது."

"மூச்ச எண்ணிக்கிட்டு இருந்தா கல்ல எப்பம்லே உடைப்ப?"

"உடைக்கேன். ஆனா நாலாம் கண்ணுல வண்டிய ஏத்தணும்னா மூணாம் தூணு மேல போயித்தான் போவணும், வரணும். எதுக்கு நீளுதுன்னு ஒரு ஆளக் கூட்டியாந்து பாத்துட்டுச் சொல்லுங்க. ஏத்துதேன்."

மூன்று தடவை சொன்னான். மூன்றாம் தடவை வண்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு கரை ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். அன்றைக்குச் சனிக்கிழமை. அக்கரையிலிருந்து மூன்று கண்ணை இறக்கியாகிவிட்டது, நாலாவது பாக்கி. இன்ஜினியர் போனில், "ஒரு டிரைவரைக் கூட உங்களால சமாளிக்க முடியலையா?" என்றார். அந்த ஒரு சொல்தான். அது என்னை என்னவோ செய்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகிற சட்டையோடு, உங்கள் அம்மாவிடம் கம்பெனியில் ஒரு கையெழுத்து என்று சொல்லிவிட்டு, ஆற்றுக்குப் போனேன். யாருமில்லை. விரிசலுக்குள் நனைந்த சாக்கைத் திணித்தேன். அதன் மேல் சிமென்ட் கலவையை வைத்துப் பூசினேன். பூசும்போது உள்ளேயிருந்து காற்று என் விரல்களைத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஒரு வாயைப் பொத்துகிற மாதிரி இருந்தது. கடைசி இடுக்கையும் மூடினதும் நின்றது. புதுப் பூச்சு வெளுப்பாகத் தெரியுமே என்று ஆற்றுச் சகதியை எடுத்து அதன் மேல் தடவினேன். இதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அடைத்தது முட்டாள்தனம். சகதி தடவினது முட்டாள்தனம் இல்லை. அது என்னவென்று உங்களுக்கே தெரியும்.

கையைக் கழுவிவிட்டு ஆராதனைக்குப் போனேன். இரண்டாம் பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சுடலைமுத்து தூணில் காதை வைத்தான். சாப்பாட்டு வாளியோடு எல்லாரும் தூரத்தில் நின்று பார்த்தார்கள்.

"நின்னுட்டே அண்ணாச்சி."

"நின்னுட்டா? அதான் சொன்னேன்லா."

"தானாவா நின்னுச்சு?"

"தானாத்தான். ஆத்துல காத்து மாறிட்டு."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தேன். மூன்றாம் தூணைத் தாண்டி வண்டி நாலாம் கண்ணுக்குப் போனது.

சத்தம் கேட்டபோது இருந்ததைவிட, கேட்காமல் போன பிறகு அந்த இடம் இன்னும் மோசமாக இருந்தது. பத்து மணிக்கு வேலையை நிறுத்தினால் யாரும் பேசாமல் தூணையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நானும்தான். மண் கரையில் வைத்த டீத் தம்ளரில் டீ லேசாக நடுங்கும். வண்டி ஓடினால் நடுங்கும், சரி. வண்டியை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் நடுங்கியது. அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு டீயைக் குடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒரு முக்குளிப்பு ஆள் வந்தார். புதுப் பாலம் கட்டினபோது தண்ணீரில் விழுந்த ஒரு இரும்புத் தகட்டை எடுக்க உவரியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். பெயர் கேட்டேன், மறந்துவிட்டேன். என்னைவிட இருபது வயது இளையவர். எங்கள் வேலைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. தகட்டைத் தேடிக்கொண்டு பழைய பாலத்தின் பக்கம் வந்தவர், மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில் எழுந்தார். நல்ல வெயில். அவருக்குப் பல் தந்தியடித்தது.

"அண்ணாச்சி, இதுல வாய் ஒண்ணு இருந்திருக்குமே. யாரு அடைச்சா?"

நான் சகதி தடவின இடத்தைப் பார்த்தேன்.

"இப்பம் அது கீழ வழியா விடுது. அங்கன பாருங்க."

தூணுக்கு மேற்கே தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. சின்னச் சின்னதாக, ஒரே வரிசையாக, நிற்காமல். அவர் என் கையைப் பிடித்துத் தூணின் அடியில் தண்ணீருக்குள் இறக்கினார். மணல் என் விரல் இடுக்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு போகிற திசையில் இல்லை. தூணைப் பார்த்து ஓடியது.

"கிணத்துச் சுவரு ஒரு பக்கம் இல்ல. ஆளு நொழையலாம். தலைய உள்ள விட்டு கைய நீட்டுனேன், ஒண்ணும் எட்டல. பூரா வெறும் இருட்டு." மேலே நிமிர்ந்து பார்த்தார். பிரேக்கர் தடதடவென்று உடைத்துக்கொண்டிருந்தது. "தூணு எதுல நிக்குன்னு எனக்குத் தெரியல. மேல இருக்க ஆளு யாரு?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுடலைமுத்து எண்ணினது பேயை இல்லை. உள்ளே காலி இடம் நாளுக்கு நாள் பெரிதாகிறதை எண்ணியிருக்கிறான். ஆறு ஏறி இறங்கும்போதெல்லாம் மணல் வெளியே போயிருக்கிறது, எங்கள் பிரேக்கர் அதிர்வு இன்னும் உதறி விட்டிருக்கிறது. பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்தைந்து. கருவி வைத்துப் பார்த்தாலும் அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்காது. அந்தக் கணக்கின் மேல் நான் சாக்கை வைத்து அடைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் நிறுத்தி நீங்கள் யோசிக்க வேண்டும். என் கழுத்தில் விசில் இருந்தது. பக்கத்தில் அபாயச் சங்கு இருந்தது. சங்கு ஊதினால் டிரைவர் என்ன செய்வான்? வண்டியை எடுத்துக்கொண்டு கரைக்கு வருவான். அப்படித்தான் நானே எல்லாருக்கும் பழக்கியிருந்தேன். ஆளை விட வண்டி முக்கியம் என்று வாயால் சொன்னதில்லை, ஆனால் பழக்கினது அதைத்தான். வண்டியோடு திரும்ப வேண்டுமென்றால் மூன்றாம் தூணின் மேல்தான் வர வேண்டும். கரையிலிருந்து கையை ஆட்டினாலும் அதேதான் செய்வான். போன் அடித்தால் அந்தச் சத்தத்தில் கேட்காது.

ஆட்களையெல்லாம் மண் கரையை விட்டு ஏற்றச் சொல்லி முக்குளிப்பு ஆளிடம் சொல்லிவிட்டு, தளத்தின் மேல் நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் அவன் பதறி வண்டியைத் திருப்பிவிடுவான். டீ கொண்டு போகிறவன் மாதிரி பைய நடந்தேன். முதல் கண், இரண்டாம் கண், மூன்றாம் கண். தூணின் மேல் கால் வைக்கும்போது செபிக்கப் பார்த்தேன். ஒரு வேத வசனமும் வாயில் வரவில்லை.

கதவுப் பக்கம் போய் நின்று சாவியைத் திருப்பும்படி விரலால் காட்டினேன். அணைத்தான். ஆற்றுச் சத்தம் மட்டும்.

"என்ன அண்ணாச்சி, நடையே மாப்பிள்ள நடையா இருக்கு."

"இறங்குலே. வண்டிய அசைக்காத."

"வண்டி?"

"கெடக்கட்டும்."

என்னைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "மூணாம் தூணா?"

"ஆமா."

"தானா நின்னுட்டுன்னு சொன்னீயளே."

"தானா நிக்கல. ஞாயித்துக்கெழம நான்தான் அடைச்சேன். அடைச்சுட்டுப் பொய் சொன்னேன்."

அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினான். "ரெண்டு பேரு எடை ஒண்ணா வேண்டாம். நீங்க முன்ன போங்க" என்றான்.

"நீ போ."

"அண்ணாச்சி, சண்டை போடுற எடமா இது? உங்களுக்கு ரெண்டு பிள்ள. போங்க."

"உனக்கு மூணு. போலே."

அவன் போனான். அவன் தூணைத் தாண்டி இரண்டாம் கண்ணுக்குப் போகும் வரை நான் வண்டியில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு நடந்தேன். தூணின் மேல் வரும்போது காலுக்கடியில் அந்தச் சத்தம் கேட்டது. உள்ளே இழுக்கிற மூச்சு. முடியவே இல்லை. நான் கரைக்கு வந்த பிறகும் அது இழுத்துக்கொண்டுதான் இருந்தது, கரையில் நின்ற எல்லாரும் கேட்டார்கள்.

ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். எருமை தண்ணீரில் படுக்கிற மாதிரி மூன்றாம் தூண் ஒரு பக்கமாகச் சாய்ந்து கீழே போனது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. மூன்றாம் கண்ணும் நாலாம் கண்ணும் சரிந்தன, வண்டி நாலாம் கண் தளத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போய்த் தலைகுப்புற நின்றது. பிறகுதான் அந்த மூச்சு வெளியே வந்தது. குளிர்ந்து, சகதி வாடையோடு, நூறு அடி தள்ளி நின்ற எங்கள் முகத்தை நனைத்துவிட்டுப் போனது. முக்குளிப்பு ஆள் மட்டும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, தகட்டைத் தேடுகிறேன் என்று எதிர்ப்பக்கமாகப் போய்விட்டார்.

கம்பெனி விசாரணையில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரு வருடம் என்னைச் சைட்டுக்கு விடாமல் யார்டில் வைத்தார்கள். அது சரிதான். அந்த வருடம் அப்பா தினமும் ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார் என்று நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். காரணம் இதுதான்.

சுடலைமுத்து மறுநாளே ஊருக்குக் கிளம்பினான். பஸ்ஸுக்கு நிற்கும்போது போய்ப் பார்த்தேன்.

"நீங்க அடைச்சது கூடப் பரவாயில்ல அண்ணாச்சி" என்றான். "பயந்துபோயி அடைச்சிருப்பீய. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். இருவத்தஞ்சுக்குப் பொறவு எத்தனன்னு எனக்குத் தெரிய விடாம ஆக்கிட்டீய. அதத்தான் தாங்க முடியல."

பஸ் வந்தது. ஏறினான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நடந்து வந்தீயள்லா, அத எம் பொஞ்சாதிகிட்ட சொல்லுதேன்" என்றான். அப்புறம் எந்தச் சைட்டிலும் அவனை நான் பார்க்கவில்லை.

ஜாய், நாளைக்கு உன்னிடமும் ஒருவன் வந்து இங்கே என்னமோ இருக்கிறது, நான் ஏறமாட்டேன் என்பான். அவன் சொல்கிற காரணம் தப்பாக இருக்கலாம். பேய் என்பான், பிள்ளையைப் புதைத்தார்கள் என்பான். நீ படித்தவள், சிரிப்பு வரும். சிரித்துவிட்டாவது கேள். எப்போது கேட்டது, எவ்வளவு நேரம், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கேள். சாம், நீயும்தான். வேலை தள்ளிப் போனால் போகட்டும். ஆள் பயப்படுகிறான் என்பதற்காகப் பயத்தின் வாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அது கீழ் வழியாக வரும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

வண்டியை ஆற்றிலிருந்து தூக்கி யார்டில் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது நான் அதில் ஏறி அவன் இருக்கையில் உட்கார்ந்தேன். உள்ளே மணல், காய்ந்த பாசி. முன் கண்ணாடி இல்லை. இடது பக்கம் பின்னால் பார்க்கிற கண்ணாடி மட்டும் உடையாமல் இருந்தது. டிரைவர்கள் அதை வண்டியின் சங்கிலித் தடம் தெரிகிற மாதிரி கீழே பார்த்து வைப்பார்கள். தடம் தளத்தின் விளிம்புக்குப் போய்விடக் கூடாதே. இவன் அப்படி வைக்கவில்லை. மேலே தூக்கி, பின்னால் தூரத்தில் ஒரு ஆள் நின்றால் அவன் முகம் தெரிகிற உயரத்துக்குத் திருப்பி, திருகை நன்றாக முறுக்கி வைத்திருந்தான். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் அது அசையவில்லை. தளத்தில் வண்டி நின்றபோது அவனுக்குப் பின்னால் தூரத்தில் இருந்தது கரைதான். கரையில் தினமும் நின்றவன் நான்.

கண்ணாடியில் இப்போது யாரும் இல்லை. வேலி ஓரத்து வெறும் தரைதான் தெரிந்தது.

இறங்கி, பின்னால் நடந்து போய், கண்ணாடியில் ஆள் முகம் விழுகிற இடம் எது என்று கணக்குப் பார்த்து, அந்த வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன்.